ஏழு யூனிற்

மின்சார சபைக்கு எங்களைத் தெரியாது.
பில் வருவது தில்லையம்பலம் கனகசூரியம் பெயருக்கு.
அவர் ஸ்காபரோவில் பனி வழிக்கிறார்.
கலட்டியில், அவருடைய மின்விசிறிக்குக் கீழே,
நாங்கள் நாலு பேர்
அவர் பெயரில் கடன்படுகிறோம்.

இந்த மாதம் தொண்ணூற்றேழு.
தொண்ணூறோடு நின்றிருந்தால் ஒரு விலை,
தாண்டினால் வேறு விலை, நிலைக்கட்டணமும் வேறு.
மானி வாசிக்க வந்த பொடியன் நாய்க்குப் பயந்து
கேற்றடியில் நின்றே எட்டிப் பார்த்து எழுதினவன் என்று
இசைவிழி வழக்காடிப் பார்த்தாள்.
போய்ப் பார்த்தோம்.
சரியாய்த்தான் எழுதியிருக்கிறான்.

பிறகு ஏழு யூனிற்றையும் தேடத் தொடங்கினோம்,
தொலைந்த தோட்டைத் தேடுவதுபோல:
குசினி, குளியலறை, மோட்டர்க் கொட்டில்.
"நோன்புக்குச் சாமத்தில எழும்பினாலும்
உங்களுக்குக் கண் கூசுமெண்டு
போன் வெளிச்சத்திலதான் சாப்பிட்டனான்" என்றாள் றிஸ்மியா.
யாரும் அவளைக் கேட்கவேயில்லை.
அதுதான் எல்லாருக்கும் சுட்டது.
செல்வமலர் பதினொரு நாள் பொகவந்தலாவையில்.
"ஃபிரிட்ஜ்ல என்னோட தயிர்கூட இல்லையே"
என்று பங்கைக் குறைக்கச் சொன்னாள்.
இசைவிழி வாய்க்குள் கணக்குப் போட்டாள்:
தண்ணி மோட்டர், அயன்பொக்ஸ், ஒரு பெருமூச்சு.

கொப்பி என்னிடம்.
நாலு பெயர். ஐந்தாவதாய் ஜெனிற்றா:
மாசியில் படிப்பை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போனவள்,
நிலுவை ஆயிரத்து முந்நூற்று நாற்பது.
மாதாமாதம் அந்த எண்ணைப் புதுப் பக்கத்துக்குத் தூக்கிவருவேன்,
வாடகை கொடாத ஒருத்தியை
அறை மாற்றி அறை மாற்றிப் படுக்கவைப்பதுபோல.

அவள் விட்டுப்போன கட்டிலுக்குக் கீழே,
பழைய துவாயில் சுற்றி,
தண்ணீர் சுடவைக்கிற என் கம்பிச் சுருள்.
பரீட்சைக் கிழமை முழுக்க, நாரி உளைவுக்கு,
வாளிக்குள் அது முனகியது
எனக்கு மட்டும்தான் தெரியும்.

மகாபொல விழுந்த அன்று
ஆயிரத்து முந்நூற்று நாற்பதைப் பிஸ்கற் டின்னில் போட்டேன்.
கொப்பியில் எழுதினேன்:
ஜெனிற்றா, பழைய பாக்கி, தீர்ந்தது.

"பார்த்தியளே, நாங்கள்தான் அவளைப் பிழையா நினைச்சிட்டம்!"
இசைவிழிக்குக் கண் கலங்கியே விட்டது.
அதே வேகத்தில் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்:
"காசு கிடைச்சது. நல்ல நேரத்தில அனுப்பினாயடி."

அந்தப் பக்கம் பஸ் ஹோர்ன்.
கோட்டை, கோட்டை என்று யாரோ கத்தினான்.
நான் பேனை மூடியைத் தேடினேன்,
கையில் இருந்ததை.
"ஓ," என்றாள் ஜெனிற்றா,
"பிந்திப்போச்சு. குறை நினைக்காதேங்கோ."

சிவப்பு நோட்டீஸ் வருமுன் கட்டிவிட்டோம்.
கூட்டினேன், மறுபடி கூட்டினேன்,
ஒரு சதம்கூடப் பிசகவில்லை.

இரவு பத்தரைக்கு, எனக்கு மட்டும்,
அவளிடமிருந்து ஒரு சொல் வந்தது:

"கம்பியோ?"