பேட்டரித் தண்ணீர்

அடகுக்கடைத் தராசை
ஒரு பொழுதுக்கு இரவல் வாங்கி வந்தேன்.
போன வைகாசியில் என் சங்கிலியை நிறுத்த
அதே தட்டு.
அந்தச் சங்கிலிதான் இப்போது
காரிமங்கலத்துக்கு மேற்கே மாந்தோப்பில்
இருபத்திரண்டு பெட்டிகளாய் இரைகிறது.

முப்பத்தைந்து கிராம்.
கூடினால் தேனீக்குக் குடல் வேகும்.
குறைந்தால் உண்ணிக்கு அது குளியல்.

தருமபுரிக் கடையில்
"டைல்ஸ் கறைக்கா?" என்றார்.
"பூச்சிக்கு" என்றேன்.
வீட்டில் சண்டை ஏதும் உண்டா என்று
கண்ணாலேயே கேட்டார்.
செல்போனில் பெட்டிகளின் படம் பார்த்த பிறகுதான்
பொட்டலம் கை மாறியது.
உள்ளே பொடிக் கல்லுப்பு மாதிரி
ஆக்ஸாலிக் அமிலம்.

இருபத்து நான்கு நாளாய்
ராணிகள் எல்லாம் கூண்டில்.
நான்தான் அடைத்தேன்.
முட்டை இல்லை, புழு இல்லை,
மெழுகு மூடிய அறை ஒன்றும் இல்லை.
ஒளிய இடமற்ற உண்ணிகள்,
பாதி எள் அளவு, செம்பு நிறம்,
தேனீக்களின் வயிற்று மடிப்பில்
வண்டியேறி உட்கார்ந்திருக்கின்றன.
மாம்பூவுக்கு இன்னும் ஒரு மாதம்.
இந்த வாரம் தவறினால்
அடுத்த கார்த்திகைதான்.

கையுறை, கண்ணாடி, முகமூடி.
அறுநூறு கிராம் சர்க்கரை,
அறுநூறு மில்லி வெதுவெதுப்பான தண்ணீர்.
பாகு தெளிந்து நின்றது.
அமிலத்தைக் கொட்டிக் கலக்கினேன்.

வெளுத்தது.

அரிசி கழுவிய தண்ணீர் போல
அடியிலிருந்து எழுந்து
சட்டி முழுக்க வெண்புகை.
கொஞ்ச நேரத்தில் அது கீழே படிந்தது,
மாவாக.

மாதையன் குனிந்து பார்த்தான்.
ஒன்றும் பேசாமல் உள்ளே போய்
பீரோ மேல் கிடந்த மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்தான்.
இரண்டு வருடம் முன்பு சேலத்தில்
அவன் சிறுநீரகத்திலிருந்து எடுத்த கல்.
"கால்சியம் ஆக்ஸலேட்"
என்று சீட்டில் எழுதியிருந்ததை
அன்று நாங்கள் ஒரு வியாதியின் பெயராக வாசித்தோம்.

ஒரு பக்கம் சட்டி, ஒரு பக்கம் டப்பா.
அறுநூற்று இருபது அடி ஆழத்துத் தண்ணீர்
அவனுக்குள் ஒன்பது வருடம் எடுத்துச் செய்ததை
என் சட்டியில்
ஒரு கரண்டி சுற்றுவதற்குள் செய்துவிட்டது.

"இது அதா?"
"இது அதுதான்."
அவன் சிரித்தான். எனக்கு வரவில்லை.

பைபாஸில் லாரிக்காரர்கள் நிறுத்தும் பேட்டரி கடை.
"ஆசிட்டா, வெறுந்தண்ணியா?"
"வெறுந்தண்ணி. ஆசிட் வீட்டில் இருக்கிறது."
அந்த ஆளும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
ஐந்து லிட்டர் கேன்.
சுண்ணாம்பு இல்லை, உப்பு இல்லை,
எந்த மண்ணின் ருசியும் இல்லாத தண்ணீர்.
மறுபடி சர்க்கரை,
மறுபடி தராசு, மூச்சைப் பிடித்துக்கொண்டு
மறுபடி முப்பத்தைந்து.
கலக்கிப் பார்த்தேன்.
கரண்டியின் அடிப்பக்கம் தெரிந்தது.

வெயில் சாய்ந்து
கூட்டம் கூடு திரும்பிய பிறகு
மூடியைத் திறந்தோம்.
சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே
சந்துக்கு ஐந்து மில்லி,
ஊசியில்லாத சிரிஞ்சில்
கோலம் இழுப்பதுபோல் ஒரே இழை.
ஒன்பதாவது பெட்டியில்
என் மணிக்கட்டில் ஒருத்தி கொட்டினாள்.
கொட்டட்டும்,
அவளுக்கு மருந்தின் பெயர் தெரியாது.

காலையில் அடித்தட்டின் வெள்ளை அட்டையை
உருவிப் பார்த்தோம்.
நூற்று எழுபதுவரை எண்ணினான்,
அப்புறம் "கேழ்வரகுத் தவிடு" என்று விட்டுவிட்டான்.
பதினாறாம் பெட்டியில் தேனீக்களும் கிடந்தன,
ஒரு கை அளவு.
பாகு அங்கே கூடிப்போயிருக்கலாம்,
முன்பே நொந்த கூட்டமாகவும் இருக்கலாம்.
நோட்டில் இரண்டையும் எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

ஏழாம் நாள் கூண்டுகளைத் திறந்தேன்.
ஒரு ராணி மட்டும்
வாசல் திறந்தும் வெளியே வராமல்
வெகுநேரம் உள்ளேயே சுற்றினாள்.

கேனில் நான்கு லிட்டருக்கு மேல் மிச்சம்.
"இதை நாம குடிக்கலாமா?" என்றான்.
"இது பேட்டரிக்கு" என்றேன்.
தலையாட்டினான்.
கேனை மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில்
பூட்டி வைத்துவிட்டு
மோட்டார் போட்டான்.

குடத்தில் விழுந்த தண்ணீர்
கண்ணாடி போலத்
தெளிவாகத்தான் இருந்தது.