குயிக் போர்மட்

மதர்போர்ட்டில் எம்.டூ துளை ஒன்றுதான்.
அதில் எதைச் செருகுவது என்று
இரண்டு மாதம் யோசித்தேன்.
ஐந்நூறு ஜீபி பதினாறாயிரத்து ஐந்நூறு.
ஒரு டீபி இருபத்தொன்பது.
இடைவெளி
சாய்ந்தமருதில் என் அறை வாடகைக்குக் கிட்ட.

கல்முனையில் செருப்புக் கடைக்கு மேலே,
பக்கவாட்டாக ஏற வேண்டிய படிகள் முடிகிற இடத்தில்
லோஜிதனின் கடை.
"சின்னதை எடு புள்ள.
விண்டோசும் நீ தினம் ஆடுற ஒண்டும் அதில கிடக்கட்டும்.
மிச்சத்துக்குச் சுத்துற டிஸ்க் போதும்கா.
அதுக்கு வேகம் என்னத்துக்கு, வயிறுதான் வேணும்."

லாச்சியைத் திறந்து ஒன்றை எடுத்தார்.
ஊதா லேபல், இரண்டு டீபி, ஏழாயிரத்து ஐந்நூறு.
ஓடிய நேரம் 38,412 மணி என்று காட்டியது.
நாலு வருசத்துக்கு மேல்,
ஒரு நாள் லீவில்லாமல்.
"கமராவுக்கு ஓடினது. கெட்ட செக்டர் ஒண்டும் இல்ல.
ஆயுசுக்கு உத்தரவாதம் கேக்காத,
ஒரு கிழமை தாறன்."

வீட்டில் ஸ்க்ரூ ஒன்று குறைந்தது.
அதிராமல் இருக்க
பல்பு வந்த மட்டையை மடித்து அடியில் வைத்தேன்.
யூபிஎஸ்ஸுக்கு ஒதுக்கிய காசு கிராபிக்ஸ் கார்டில் போய்விட்டது;
கறண்ட் போனால் அல்லாஹ்தான்.

திறந்தால், வெறுமையாக இல்லை.
திகதி திகதியாகக் கோப்புறைகள்,
எல்லாவற்றிலும் மூன்றாம் கமரா.
ஒன்றை அழுத்தினேன்.
ஒரு பேக்கரி.
எந்த ஊர் என்று தெரியவில்லை.
கண்ணாடி அலுமாரி, மாலு பாண், ஈ.
உச்சியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு
ஆட்கள் என்றால் தலைகள்தான்:
தொப்பி, முக்காடு, ஹெல்மெட், வழுக்கை.
சத்தமே இல்லை.

இரவு எட்டு ஐம்பத்திரண்டு.
ஹெல்மெட் கழற்றாத ஒருவர்
அரை றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு போகிறார்.
வாசலில் நிற்கிறார்.
உள்ளங்கையை விரித்துப் பார்க்கிறார்.
திரும்பி வந்து
ஒரு நாணயத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்.
மறுநாளும் அப்படியே.
ஏழு இரவுகள் பார்த்தேன்,
ஐந்தில் திரும்பி வந்தார்.
கல்லாப்பெட்டியில் இருக்கிற பொடியனுக்குக் கணக்கு வராதா,
இல்லை தெரிந்தேதான் கூடக் கொடுக்கிறானா?
அந்தக் கோணத்தில்
இருவருக்குமே முகம் கிடையாது.

ஹெட்செட்டில் ஒலுவிலில் இருந்து ஷஃப்னா:
"பன்னிரண்டு ஆகிட்டு, நைட் டேட்டா தொடங்கிட்டு.
நீ இன்னும் டிஸ்க்கைத் துடைக்கல்லயா?"

கேமுக்கு நூற்றுப் பதினெட்டு ஜீபி வேண்டும்.
மிச்சமிருந்தது நாலு.
ஒரு கிழமைப் பாணை மட்டும்
சின்ன டிஸ்க்குக்கு மாற்றலாமா என்று பார்த்தேன்.
நாற்பத்தாறு ஜீபி.
அங்கே இடத்துக்கு விலை அதிகம்.

குயிக் போர்மட்.
பத்து வினாடிகூட இல்லை.
லோஜிதன் ஒரு தரம் சொன்னது:
அது கொப்பியில் பேரை மட்டும்தான் வெட்டும்,
சாமான் வைத்த இடத்திலேயே கிடக்கும்,
வேறொன்று வந்து மேலே ஏறும்வரைக்கும்.

இப்போது ஒவ்வொரு இரவும்
ஷஃப்னா முதலில் இறங்கிவிடுகிறாள்.
என் திரையில் இன்னும் கோடு நிரம்புகிறது.
மட்டைக்கு மேலே ஊதா டிஸ்க்
அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒரு சத்தம்.
"எங்க நிக்காய்? சுடுறானுகள்!"
"வாறன், வாறன். சுத்துது."

வியாழனோடு உத்தரவாதம் முடிந்தது.
பிழை ஒன்றும் இல்லை என்று
லோஜிதனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.
பேக்கரியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஷஃப்னா இன்னொரு கேம் சொல்கிறாள்,
தொண்ணூறு ஜீபியாம், சும்மா கொடுக்கிறானாம்.
டிஸ்க்கில் ஆயிரத்து எழுநூறுக்கு மேல் காலி என்று காட்டுகிறது.
பார்ப்போம் என்றேன்.
இன்னும் இறக்கவில்லை.