ஜீரோ வாட்ஸ்

அண்ணன் பலவேசம் எங்கே என்று
ஊரில் யாரும் என்னிடம் கேட்பதில்லை.
ஆழ்வார்குறிச்சிப் பிரிவில் கரண்டுக் கணக்கு எடுக்கிறவள் நான்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
எல்லார் வாசலிலும் நிற்பேன்,
அவன் நின்ற வாசல்களிலும்.

முதலில் வேதாந்த வகுப்பு.
ஒற்றை மின்விசிறி, எண்பது யூனிட்.
"ஏட்டி, நீயும் அதுதான் நானும் அதுதான்,
கயிற்றைப் பார்த்துப் பாம்பென்று அலறுகிறோம்" என்றான்,
சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி சொதி கேட்டான்.
"சட்டியும் அதுதானே, சுரண்டிக்கிடுங்க"
என்று கவிழ்த்துக் காட்டினாள் மதினி.

பிறகு பெருமாள் பக்கம் சாய்ந்தான்.
குரங்குக்குட்டி போலத் தாயை நாம் இறுக்கிக்கொள்வதா,
பூனைக்குட்டி போலத் தாய் கவ்வும்வரை கிடப்பதா?
இந்த வழக்கில் வடமலையும் அவர் தம்பியும்
நடுக்கூடத்தில் சுவர் எழுப்பிவிட்டார்கள்.
ஒரு வீட்டுக்கு இரண்டு மீட்டர்.
இரண்டும் என் கணக்குத்தான்.
அண்ணன் ஒரு ஐப்பசி முழுக்கப்
பூனைக்குட்டியாய்க் கிடந்தான்.
மதினி பீடி சுற்றினாள், நாளைக்கு எழுநூறு.

பொட்டல்புதூரில் செய்யது பட்டாணியின் கடை.
மீட்டர் பெட்டிமேல் ஊதுபத்திச் சாம்பல்.
"வியாழக்கிழமை ராத்திரி எங்களோட உக்காருவாரும்மா.
மூச்சை விடையில தன்னையும் சேத்து விட்டுரணும்.
நாங்க விடுவோம். அவரு அழுவாரு.
நல்லா அழுவாரு."
வெள்ளை அட்டையில்
அதற்குக் கட்டம் இல்லை.

தாங்கலில் சாமி இருக்கும் இடத்தில் கண்ணாடி.
கதவு திறந்திருந்தது, எட்டிப் பார்த்தேன்.
இரண்டு விளக்குக்கு நடுவே
ஹெல்மெட் அழுத்திய நெற்றியும்
காதில் பேனாவுமாக ஒருத்தி.
கும்பிடுவதா என்று குழம்பி
ரீடிங்கைத் தப்பாக எழுதினேன்.
அடித்துத் திருத்தினேன்.

"ஒரே ராத்திரியில கர்த்தர் தொட்டாப் போதும்,
இந்தப் படிக்கட்டெல்லாம் எதுக்கு?" என்பார்
ஞானாபரணம் டீச்சர்.
தொட்டாரா என்று கேட்டேன்.
"பாதி ஜெபத்தில எழுந்து போயிட்டாரும்மா"
என்று ஒரு பையைக் கொடுத்தார்.
அவன் செருப்பு.
இடது வாரில் ஊக்கு.
அதோடுதான் மூன்று மாதமாகச் சுற்றுகிறது என் ஸ்கூட்டர்.

சிவசைலத்துக்கு மேலே,
நாக்கை உள்மடித்து மூச்சை மேலேற்றுகிறவர்கள் இருக்கிறார்களாம்.
அங்கே ஏறிப் போனான் என்றார்கள்.
அங்கே கம்பமும் இல்லை, கணக்கும் இல்லை.
நான் நம்பவில்லை.
காரணம், கடனாநதிக் கரையில்
அவன் வாடகைக்கு எடுத்த அறை,
இணைப்பு எண் முந்நூற்றுப் பன்னிரண்டு.
பூட்டிய கதவு. ஓடுகிற மீட்டர்.
மூன்று தடவையும் அதே இருபத்திரண்டு யூனிட்.
உள்ளேதான் இருக்கிறான்,
பூட்டை வெளியே மாட்டிவிட்டு
எப்படியோ உள்ளே உட்கார்ந்திருக்கிறான் என்று
கதவைத் தட்டித் திட்டியிருக்கிறேன்.
மதினி தென்காசிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனதை
சாவித் துவாரத்தில் வாய்வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

இன்று வீட்டுக்காரர் உச்சிமாகாளி மாற்றுச்சாவியோடு வந்தார்.
பாய். ஒரு டம்ளர். சுவரில் பல்லி.
உச்சியில் சிவப்பாக ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு,
பகலிலும் எரிந்துகொண்டு.

பெயர்தான் ஜீரோ.
பதினைந்து வாட்டாவது தின்னும்.
நாள் முழுக்க, அறுபது நாள் என்று
மனசுக்குள் பெருக்கினால் கணக்குச் சரியாக வந்தது.
அதுவரை அழுகை வரவில்லை.
"நான் என்று ஒன்று இல்லவே இல்லைட்டி"
என்று போனில் கடைசியாகச் சொன்னவன்
இதை அணைக்க மறந்திருக்கிறான்.
மறந்தானா?

அட்டையில் எழுதினேன், இருபத்திரண்டு.
நூறு வரைக்கும் இலவசம்.
கட்ட வேண்டிய தொகை: சைபர்.
இதில் யாருக்குக் குரங்கு, யாருக்குப் பூனை?

செருப்பை வாசலுக்குள்ளே,
முனை வெளியே பார்க்க வைத்தேன்.
"அமத்திரவாம்மா?" என்றார், சுவிட்ச்சில் கைவைத்து.
கிடக்கட்டும் என்றேன்.

அடுத்த வீட்டில் நாய் உண்டு.
கல் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டேன்.