கால்வட்டம்

செயின்ட் லூயிஸ், 1997

ஒரு பலகைக்கு ஐந்நூற்று முப்பது செங்கல்.
ஒரு செங்கல்லுக்கு ஆறு சென்ட்.
கைக்கோடரியின் மழுங்கிய பக்கத்தால் தட்டினால்
பழைய சுண்ணாம்புச் சாந்து தோல்போல் உரிந்துவிடும்.
சிமெண்டு வைத்துக் கட்டியது உரியாது, உடையும்.
உடைந்ததற்குக் கூலி இல்லை.

வேலைக்கு எடுத்தவன் கேட்டான்,
உன் நாட்டில் என்ன தொழில்?
அகராதியில் பார்த்து வைத்திருந்த சொல்லைச் சொன்னேன்:
ஆர்க்கிடெக்ட்.
அப்படியானால் செங்கல் தெரிந்திருக்கும் என்று
கையுறை எடுத்துக் கொடுத்தான்.
இரண்டும் இடது கைக்கானவை.

விர்பாஸ் ஆற்றோரத்தில் நான் கட்டியவை மூன்று.
ஒரு பேருந்து நிலையம்
ஒரு பல் மருத்துவமனை
எட்டு வகுப்பறையுள்ள பள்ளி.
கூரையில் விழும் பனிக்குக் கணக்குப் போட்டேன்,
சதுர மீட்டருக்கு நூற்று இருபது கிலோ.
காற்றுக்குப் போட்டேன்.
நிலநடுக்கத்துக்கு, சட்டம் கேட்டதைவிடக் கூட்டியே.
தாழ்வாரத்தில் ஓடிவரும் பிள்ளையின் நெற்றியில்
இடித்துவிடக் கூடாதென்று
எல்லா வகுப்புக் கதவும்
உள்பக்கம் திறக்கும்படி வரைந்தேன்.

உள்பக்கம் திறக்கும் கதவுக்கு
ஒரு உதை போதும்.

நெட்ஜாத் இரண்டாம் வகுப்பு 'பி'யில் இருந்தான்.
அவனோடு இன்னும் நாற்பது ஆண்கள்.
மாணவர்கள் இல்லை.

லெமுவல் என் எதிரே நின்று தட்டுபவன்.
ஒவ்வொரு அட்டியிலும் முதல் கல்லை எடுத்து முகர்வான்.
புகை, என்பான்.
ஆளில்லாத வீட்டுக்கு இரவில் தீ வைப்பார்களாம்,
தீயணைப்பு வண்டி வந்து பீய்ச்சும் தண்ணீரில்
சாந்து இளகிவிடுமாம்,
விடியுமுன் சுவரில் கம்பிவடம் கட்டி
டிரக்கால் இழுத்தால் ஆயிற்று.
எங்கள் தெருவை ஹூஸ்டனில் உணவகம் கட்ட
வாங்கிப் போகிறார்கள், என்றான்.
என் ஆங்கிலம் அவ்வளவு தூரம் ஓடாது.
இதற்கு ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை.

நவம்பரில் ஒரு நாள் தட்டுவதை நிறுத்தினான்.
கையில் ஒரு கல். ஒரு முகத்தில் பச்சைச் சாயம்.
பதினோரு வயதில் நான் பூசியது, என்றான்.
அப்பா ரயில் வேலைக்குப் போயிருந்த வாரம்.
வந்து பெல்ட்டைக் கழற்றினார்.
பிறகு மீதிச் சுவரையும்
அதே பச்சையில் அவரே பூசி முடித்தார்.

அவன் அழுவான் என்று நினைத்தேன்.
கோடரியின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

எத்தனை அறை? என்று கேட்டது
நான்தான்.

அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துக் குப்புறப் போட்டு
செங்கல் சில்லால் முதல் கோடு இழுத்தேன்.
நான்கு வருடமாகக் கோடு மறந்த கை.
ரசமட்டம் இல்லை, அளவுகோல் இல்லை,
இருந்தும் நேராகத்தான் வந்தது,
அது எனக்குக் கொஞ்சம் கோபமாக இருந்தது.

மூன்று அறை, ஒன்றன்பின் ஒன்றாக.
படிக்கட்டு இங்கே, என்றான். இல்லை, இன்னும் இடது.
அடுப்பு. குளியல் தொட்டி. அண்ணன் ரோலண்ட் படுக்கும் மூலை.
வாசல் வந்தது.
கதவு வெளிப்பக்கம் திறப்பதாகக்
கால்வட்டம் போட்டேன்.
கனவில் வரைந்தாலும் இப்போது அப்படித்தான் போடுகிறேன்.

உள்ளே, என்றான்.
வெளியே நல்லது, என்றேன்.
உள்ளே.
வெளியே திறந்தால் உதைக்க முடியாது, என்றேன்,
சொல் தெரியாமல் காலை ஓங்கிக் காட்டி.
என் காலைப் பார்த்தான். கொஞ்ச நேரம்.
பிறகு மெதுவாகச் சொன்னான்,
ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டு
முழுத் தெருவும் சாப்பிட வரும்.
அம்மாவின் இரண்டு கையிலும் பாத்திரம் இருக்கும்.
கடைசி ஆள் நுழையும்வரை
கதவைக் காலால்தான் பிடித்திருப்பாள்.

அழிக்க ரப்பர் இல்லை.
எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
உள்ளே ஒரு கால்வட்டம் போட்டேன்.
பழையது போகவில்லை,
இரண்டும் தெரிந்தன, கதவுக்கு இருபுறமும்.

வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.
பலகையில் ஒரு கல் குறைகிறதே என்றான்.
என் கணக்கில் பிடித்துக்கொள், என்றேன்.

லெமுவல் இன்னும் அட்டைமேல் குனிந்திருந்தான்.
சமையலறை ஜன்னல் எங்கே, என்றான்.