கடைசி வரியிலிருந்து மேலே

பணகுடிக்குத் தெற்கே
காற்றாலைகளின் கணக்கை எழுதும் பெட்டி
ஆடி பிறந்ததிலிருந்து ஐந்து முறை செத்துவிட்டது.
ஐந்தும் இரவு இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே.
திரை கிடையாது அதற்கு, விசிறிச் சத்தம் மட்டும்.
காலையில் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து
பொத்தானை அமுக்கி எழுப்புவேன்.
குறிப்பேட்டைத் திறந்தால்
1:58 வரை சர்வ சுகம்.
அடுத்த வரி
நான் எழுப்பிய நேரம்.

சாகிற கெர்னல் வட்டில் எழுதாது.
தன் கையைத் தானே நம்ப முடியாத நேரத்தில்
கணக்குப் புத்தகத்தைத் தொட்டால்
இருப்பதும் கெடும் என்று அதற்குத் தெரியும்.
ஆனால் கத்தும்,
கம்பியின் மறுமுனையில் ஒரு காது இருந்தால்.

காவலர் அறையில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்தேன்.
அங்கே பிளக் பாயிண்ட் கருகிக் கிடந்தது.
பூட்டியிருந்த பேனல் ரூமைத் திறந்து
ஒயர் இழுத்தேன், வேறொன்றும் யோசிக்கவில்லை.
ஜெபக்கனி அண்ணாச்சி
நீலக் கேபிளை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்,
காற்றில் அடித்துக்கொள்ளாமல்.

பெட்டிக்கு முகவரி சொல்லிக் கொடுத்தேன்:
ஐபி, போர்ட், பிறகு
லேப்டாப்பின் மேக் எண், பன்னிரண்டு எழுத்து.
மற்ற நாளில் அதுவே தெருவில் நின்று
இந்த ஐபிக்காரர் யாருங்க என்று கூவித் தெரிந்துகொள்ளும்.
விழும்போது வழி கேட்க நேரமிருக்காது.
கொடைக்குக் கூட்டிப்போகிற பிள்ளையின் சட்டைப்பையில்
போன் நம்பர் எழுதி வைப்பதுபோல
முன்கூட்டியே வைத்துவிட வேண்டும்.

ஆறாவது சாவில் ஒரே ஒரு வரி வந்தது.
பீதி, அவ்வளவுதான்.
என் தப்பு. எவ்வளவு பேசலாம் என்கிற எண்ணை
ஒன்றில் விட்டிருந்தேன்.
எட்டாக்கினேன். பேசு.

ஏழாவது இரவு, 2:21.
ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து அழைப்பு.
"மேடம், வந்துட்டு. ஓடுது… ஓடுது… நின்னுட்டு."
அவர் குரலுக்குப் பின்னால் கணவாய்க் காற்று.
நான் பாயில் உட்கார்ந்து நோட்டைத் தேடினேன்.
"கடைசியிலேருந்து மேல போங்க அண்ணாச்சி,
எழுத்தெழுத்தா."
நிறைய எண்கள். எஃப் எஃப் எஃப் எஃப்.
பிறகு, "ஆர். ஐ. பி."
நிறுத்தினார்.
"கல்லறையில போடுவாவள்லா, அதுவா?"
இல்லை என்றேன். அது விழும்போது
கால் வைத்திருந்த படியின் நம்பர்.
"படியா," என்றார். "சரி."

இன்னும் மேலே.
நல் பாயிண்டர்: படி இல்லாத இடத்தில் கால்.
இன்னும் மேலே, மெதுவாக,
"யு எஸ் பி… நியூ… டிவைஸ்…
ப்ராடக்ட்…"

அதற்குப் பிறகு காற்று மட்டும் கேட்டது.
வெகுநேரம்.
"மேடம், கேக்கியளா.
என் செல்லு பேரு இதுல எப்படி வந்துச்சு?"

பிளக் கருகியது சித்திரையில்.
மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறார்.
இரண்டு மணி ரோந்தில் பெட்டியின் முதுகில் சொருகுவார்,
மூன்றரை ரோந்தில் எடுப்பார்.
பெட்டி ஒவ்வொரு முறையும்
அவர் பேரைத்தான் சொல்லிக்கொண்டு விழுந்திருக்கிறது.
கேட்க ஆளில்லை. கேட்க உட்கார வைத்த ஆளோ
அவரே.

அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு.
போனைச் சொருகியதற்கெல்லாம்
ஒரு பெட்டி சாகக் கூடாது.
டிரைவர் பிழை, என்று எழுதினேன்.
பொய்யில்லை.
முழுசுமில்லை.
கீழே, கேட்காத இடத்தில்:
காவலர் அறை பிளக் பாயிண்ட், நான்காம் முறை.

கேபிளைச் சுருட்டும்போது கேட்டேன்,
அது செத்துக் கிடந்த ராத்திரியெல்லாம்
சார்ஜ் ஏறிச்சா அண்ணாச்சி?
தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்,
"நூறு வரைக்கும்."