இரவு ஷிப்டு, மீனாட்சிபுரம்

பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் பால்
என்னைத் தாண்டித்தான் கேரளத்துக்குள் போக வேண்டும்.

பத்து மில்லி அமிலம்,
பத்தே முக்கால் மில்லி பால்,
ஒரு மில்லி ஆல்கஹால்.
அடைத்து, குலுக்கி, சுழலவிட்டால்
பியூட்டிரோமீட்டரின் கழுத்தில்
மஞ்சளாய் ஏறி நிற்கும் கொழுப்பு.
மூன்று புள்ளி நான்கு.
போகலாம்.

ஊரார் பாலில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறவளுக்குத்
தன் வயிற்றுக்குள் நாலு நாளாய் நிற்கும் வண்டியை
நகர்த்தத் தெரியவில்லை.

பெண்கள் கழிப்பறை சாலைக்கு அந்தப் பக்கம்.
சாவி வாட்ச்மேன் தாசப்பனிடம்.
கேட்கக் கூசி, தண்ணீரைக் குறைத்தேன்.
பொரோட்டா, கட்டஞ்சாயா, கிரீம் பிஸ்கட்.
வாயில் கரைகிறவைதான்
உள்ளே போய் முரண்டு பிடிக்கின்றன.

கொழிஞ்சாம்பாறையில் டாக்டர் ஜுமைலா
மாத்திரை எழுதப் போய் பேனாவை மூடினார்.
"கோகிலவாணி, உன் குடலில் கோடிக்கணக்கில் ஆளுண்டு.
நீ மட்டும் தின்னா மதியா?"

அவர்களுக்கு நார் வேண்டுமாம்.
நமக்குச் செரிக்காமல் கடைசி வரை போகிற நார்.
அதைப் புளிக்கவைத்து ஓர் அமிலம் செய்வார்களாம்,
குடலின் சுவர் அதைத் தின்றுதான் நிற்குமாம்.
பியூட்டிரேட்.
வெண்ணெயிலிருந்து வந்த பெயர்.

நான் சிரித்துவிட்டேன்.
ஆறு வருஷமாய்க் கையில் சுழலும் கண்ணாடிக் குழாய்க்கு
அடிவயிற்றில் ஒரு பங்காளி.

நார் என்றால் அன்பு என்றும் பொருள்.
பத்தாம் வகுப்பில் எழுதி
ஒரு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

வாழைத்தார் லாரியில் கேட்டதும்
ஒரு பூவை எறிந்துவிட்டுப் போனான்.
மடல் உரித்து, கள்ளன் நீக்கி,
மோரில் நறுக்கிப் போட்டும்
விரல் நுனி கறுத்துவிட்டது.
சோப்புக்குப் போகவில்லை.
அந்தக் கறையைத்தான் பாலிஃபீனால் என்கிறார்கள்,
அதுவும் கீழே இருப்பவர்களுக்குத் தீனி.
ஆறு சுவையில்
யாரும் இலையில் மறுமுறை கேட்காத சுவை,
நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு.

பிறகு நெல்லி. தோலோடு கொய்யா.
இங்கே கொள்ளு என்றும் கடையில் முதிர என்றும்
கேட்டு வாங்கிய ஒரே பயறு.

முதல் வாரம் வெறும் வாயு.
பக்கத்து மேசை ஷைனி
ஜன்னலைத் திறந்து வைத்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
அதையும் நார்க் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

தண்ணீர் குடித்தேன். குடித்தால் போக வேண்டும்.
தாசப்பனிடம் போய் நின்றேன்.
"சாவி."
அவர் தலை நிமிராமல் நீட்டினார்.
அவ்வளவுதான். ஆறு வருஷம்.
திருப்பித் தரவில்லை,
அமிலக் குப்பிக்கு மேலே ஆணியில் மாட்டினேன்.

பதினோராம் நாள், விடிய நாலே முக்கால்.
வரிசையில் ஏழு டாங்கர்.
முதல் வண்டி ஹாரன் அடிக்கிறது.
ஆணியைப் பார்க்கிறேன்.

அடிக்கட்டும்.
பால் குளிரில்தான் இருக்கிறது,
கெட்டுவிடாது.