புற்றைச் சூழ்தல்

கரடியனாற்றுக்கு மேற்கே
சிவப்புக் கட்டைகளுக்கு இந்தப் பக்கம்
பத்து நிமிட இடைவேளை.
முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுத்
தேத்தண்ணீர் குடிக்கிறோம், ஐந்து பெண்கள்.
ஆறாவது ருவராஷே, மேற்பார்வையாளர்,
சிம்பாப்வேக்காரி,
சீனி தொடாதவள்.

உங்கள் ஊரில் பெண்ணைப் பற்றி
என்ன சொல்வார்கள் என்று கேட்டாள்.
பெண்புத்தி பின்புத்தி என்றாள் தங்கேஸ்வரி.
என் இங்கிலீஷ் அதற்குப் போதவில்லை,
பின்மண்டையைத் தட்டிக் காட்டினேன்.
ருவராஷேக்கு அது உடனே விளங்கிற்று.
அவளுடைய ஷோனாவில்
முஷா முகாட்ஸி என்பார்களாம்:
வீடென்றால் பெண்.

"நம்மட பக்கமும் அதுதானே கா,
வீடு பொம்புளப்புள்ளைக்குத்தான்,
உறுதியில அவள்ற பேர்."

உண்மை.
என் பெயரிலும் ஓர் உறுதி இருக்கிறது.
அதை வங்கியில் வைத்தது என் புருஷன்,
கையெழுத்து மட்டும் நான்.
லாண்ட்மாஸ்டர் வாங்கினார், விற்றார்.
இந்த மண்ணைக் கிண்டும் சம்பளத்தில்
இன்னும் நாலு தவணை.

"பெருக்கும்போது வீடு பெண்," என்றாள் ருவராஷே,
"பூட்டும்போது இல்லை."
பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்று:
வீடுகளை மூடியிருப்பது கூரை.
உள்ளே நடப்பதை வெளியே விடாதே என்று
கலியாணத்துக்கு முன்
அத்தைமார் சொல்லி அனுப்புவதாம்.

ஒருவரும் பேசவில்லை.
யோகமலர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.
"எங்கட கூரைய ஷெல் கொண்டு போயிற்று.
மறுகா அந்தாள் அடிக்கிற சத்தம்
வாய்க்கால் மட்டும் கேக்கும்.
கேட்டுக்கொண்டுதான் இருந்தாக்கள்."

விசில்.

பாதை முடிவில் இடுப்புயரக் கறையான் புற்று.
அதனருகே கருவி கத்துகிறது.
தனி ஆண் புற்றைச் சூழ மாட்டான்,
இதுவும் எங்களதுதான் என்கிறாள் ருவராஷே,
நடந்தபடியே.
தனிப் பெண்ணைப் பற்றி
அதில் ஒன்றும் இல்லையாம்.

ஒருவர் அருகே ஒருவர் நிற்கக் கூடாது, விதி.
ஆகையால் முறைவைத்துச் சூழ்கிறோம்:
திங்கள் தங்கேஸ்வரி வடக்கில்,
நேற்று யோகமலர்,
இன்று தெற்கில் நான்,
முழங்காலில்,
விரலளவு விரலளவாய்.
ஈர மண், சல்லி வேர்,
ஒரு வெள்ளைக் கறையான் திகைத்து ஓடுகிறது.
மூச்சை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஆணி.
குடைத்தலை வைத்த கூரை ஆணி,
துரு தின்றது போக மீதி.

உலோகம் எல்லாம் வாளிக்குள் போக வேண்டும்.
மத்தியானம் யோகமலரிடம் காட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தவள்
தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
ருவராஷே
வேறு பக்கம் பார்த்தாள்.